அந்த ஜெர்மன்காரர் யார் வீட்டுப் பார்ட்டி

மகனே, நீ பதிவுத் தபாலில் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் வந்து சேர்ந்தது. கம்பெனி என் பெயரில் இருப்பதால் என் கையெழுத்து இல்லாமல் அதைக் காதர் பாய் மகன் நசீருக்கு அனுப்ப முடியாது என்று எழுதியிருக்கிறாய். எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்து இன்னும் கட்டு அவிழ்க்கவில்லை. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ஜெயா எழுதுகிறாள். நோட்டீஸைப் படித்துக் காட்டியவளும் அவள்தான். ஆங்கிலத்தில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி, தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டி, ஒரு காலைப்பொழுது முழுக்க அதோடு உட்கார்ந்திருந்தாள். இந்தக் கடிதம் புத்தகத்தில் வருகிற மாதிரி இருந்தால் அது அவள் வேலை. நான் 'பேஜார்' என்றால் அவள் 'தொல்லை' என்று எழுதுகிறாள். 'நான் சொல்றதை அப்படியே எழுதும்மா' என்றால், 'அண்ணன் மெட்ராஸ்ல நாலு பேர் முன்னாடி பிரிச்சுப் படிப்பாருப்பா, நம்ம வீட்டு மானம் இன்னா ஆவறது' என்கிறாள்.

நீ எழுதியது எனக்கு விளங்காமல் இல்லை. நீ அனுப்புகிற பார்ட்டிகளுக்கு நசீர் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைத்துக் கொடுப்பது, ஒவ்வொரு ஆர்டரிலும் உனக்கு ஒரு பங்கு தருவது, அவனிடம் வருகிறவர்களுக்கு நீ மெட்ராஸில் ஷிப்பிங் வேலை பார்ப்பது, அதில் அவனுக்கு ஒரு பங்கு என்று இருவரும் எழுதிக்கொண்டீர்கள். இப்போது நீ அறிமுகப்படுத்திய இத்தாலிக் கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டு நேராக அவனிடம் ஆர்டர் கொடுத்திருக்கிறது. அவனும் வாங்கிக்கொண்டு உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்குக் கோபம் வருவது சரிதான். நியாயம் உன் பக்கம் இருக்கலாம். ஆனால் நோட்டீஸோடு வைத்த கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். 'காதர் பாயிடம் நீங்கள் ஏமாந்த மாதிரி அவர் மகனிடம் நான் ஏமாற மாட்டேன்.' அதைப் படிக்கும்போது ஜெயாவின் குரல் இறங்கிப்போயிற்று. நான் கேஸ் தோற்றவன் என்பது உனக்குத் தெரியும். எப்படித் தோற்றேன் என்று நான் சொன்னதில்லை. அதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கலர் ஷெட்டும் காதர் பாயின் தோல் ஷாப்பும் ஒரே தெருவின் இரண்டு முனைகள். அவர் பதப்படுத்திக் கொடுத்த தோலுக்கு நான் சாயம் அடித்து மெருகேற்றித் தருவேன். அந்த நாளில் ஆம்பூரில் வெளியூர் வியாபாரி சாப்பிடுகிற மாதிரி ஓட்டல் கிடையாது. வாங்க வருகிறவரை நாங்கள் பார்ட்டி என்போம். அவர் யார் வீட்டில் முதல் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிறாரோ, அந்த வீட்டுப் பார்ட்டி ஆகிவிடுவார். அப்புறம் அவரை வேறு யாரும் தனியாகக் கூப்பிட்டுப் பேச மாட்டார்கள். பேச வேண்டுமானால் சாப்பாடு போட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான். இதை எவரும் எழுதி வைத்ததில்லை. நானும் காதர் பாயும்தான் எழுதினோம். அவருடைய பார்ட்டி என்னிடம் சாயம் அடித்தால் அவருக்குப் பங்கு, என் பார்ட்டி அவரிடம் தோல் வாங்கினால் எனக்குப் பங்கு என்று முத்திரைத்தாளில் டைப் அடிக்கப் போனோம். யார் பார்ட்டி என்று எப்படித் தெரியும் என்று டைப்பிஸ்ட் கேட்டார். 'இதுல இன்னா கஷ்டம்? மொத விருந்து எந்த வூட்டுதோ அந்த வூட்டுப் பார்ட்டி, அடிங்க' என்றார் காதர் பாய். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். நம் தெருவுக்கு வெளியே அந்த வரிக்கு அர்த்தமே இல்லை என்று இருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குப் பழக்கமான ஒன்று உலகத்துக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டோம்.

பிறகுதான் அந்த ஜெர்மன்காரர் வந்தார். மெட்ராஸ் பெரியமேட்டுத் தோல் மண்டிகளில் நான் பல முறை போய் நின்று பிடித்த பார்ட்டி அவர். நம் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. உன் அம்மாவுக்கு மாதம் நிறைந்திருந்தாலும் பிரசவத்துக்கு நாள் இருக்கிறது என்று சொல்லி, அவளே சமைப்பதாக இருந்தாள். அன்றைக்கு விடியற்காலையில் அவளுக்கு வலி எடுத்துவிட்டது. காதர் பாய் தன் காரை அனுப்பினார். வேலூர் ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஜெர்மன்காரர் நேரே வீட்டுக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போயிருப்பார் என்றே நினைத்தேன். பெண் குழந்தை என்று நர்ஸம்மா வந்து சொன்ன பிறகு, முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு பஸ் பிடித்தேன். டீக்கடையில் பன்னாவது வாங்கிப் போகலாமா என்று யோசித்துக்கொண்டே தெருவில் திரும்பினேன். நம் வீட்டு வாசலில் பெரிய கார் நின்றது. கதவு திறந்திருந்தது. பிரியாணி வாசனை தெரு வரைக்கும் வந்தது.

உள்ளே நம் கூடத்தில் காதர் பாய் வீட்டு விரிப்பு விரித்திருந்தது. நடுவில் அவர்கள் வீட்டுத் தேக்சா, மூடியைத் திறந்து வைத்த செப்புப் பாத்திரம். பக்கத்தில் கத்திரிக்காயும் தயிர் வெங்காயமும். ஜெர்மன்காரர் காலை எப்படி மடக்குவது என்று தெரியாமல் பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்து கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் காதர் பாய் பரிமாறிக்கொண்டிருந்தார். நீயும் நசீரும் நாலாம் வகுப்புப் பையன்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அந்த மனுஷருடைய பழுப்பு மீசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நீ காலா என்று கூப்பிடுகிற நசீரின் அம்மா, காலையிலேயே பக்கத்து வீட்டில் சாவி வாங்கி, நம் வீட்டைப் பெருக்கி, எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, வெளி ஆண்கள் வருகிறார்கள் என்று பின்வாசல் வழியாகப் போயிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் காதர் பாய் கேட்டது ஒன்றுதான். 'பையனா, பொண்ணா?' பொண்ணு என்றேன். 'அப்ப நீயும் உக்காரு. மொதல்ல சாப்புடு.'

இங்கே உன் தங்கை பேனாவை நிறுத்திவிட்டாள்.

'அப்பா, அது நான் பொறந்த அன்னிக்கா?'

'பின்ன, எனக்கு எத்தினி பொண்ணு?'

'கேஸ்ல வந்த சாப்பாடு அதுதானா? வருஷா வருஷம் என் பொறந்தநாளுக்குக் காலா வூட்டுல இருந்து வருதே, அது இதுக்காகவா? நான் அவங்க பண்டிகை எதோன்னு நினைச்சிட்டு இருந்தேன்.'

அவ்வளவு புத்தகம் படிக்கிறவள், தன் பிறந்தநாளில் வருஷந்தோறும் எப்படி ஒரு பண்டிகை வரும் என்று யோசிக்கவில்லை. அடுப்படியிலிருந்து உன் அம்மா சிரிக்கிறாள். இப்போது மறுபடியும் எழுதுகிறாள். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்.

ஜெர்மன்காரர் கொடுத்த ஆர்டரில் இரண்டு வருஷம் ஷெட்டில் ஓயாமல் வேலை நடந்தது. காதர் பாய் தோல் கொடுத்தார், நான் சாயம் அடித்தேன், எனக்குச் சேர வேண்டிய பங்கும் ஒழுங்காக வந்தது. அப்புறம் பாதிப் பதம் செய்த தோலை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, முழுக்க முடித்துத்தான் அனுப்ப வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு ஆயிற்று. பெரிய ஷாப்காரர்கள் எல்லாம் தாங்களே கலர் ஷெட் கட்டினார்கள். காதர் பாயும் கட்டினார். அவர் அதைச் செய்யாமல் இருந்தால் அவர் ஷாப் மூடியிருக்கும். இன்றைக்கு எனக்கு அது புரிகிறது. அன்றைக்கு என் ஷெட்டுக்கு வேலை நின்றது மட்டுமே தெரிந்தது. பங்கும் நின்றது. டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் கேட்டேன். கேட்ட விதமும் நன்றாக இல்லை. அவர் டீயை ஆற்றிக்கொண்டே, 'இன்னா தோஸ்த், அந்தப் பார்ட்டி என் வூட்டுச் சோத்துக்கு உக்காந்தவரு தானே' என்றார். பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் அந்த வாரமே வேலூர் சத்துவாச்சாரிக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன்.

கேஸ் எத்தனையோ வாய்தா போயிற்று. வாய்தா நாளில் வேலூருக்கு இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போவோம். அவர் தன் காரை அதற்குள் விற்றிருந்தார். முதலில் ஏறுகிறவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து துண்டைப் போட்டு மற்றவருக்கு இடம் பிடிப்பார். பழக்கம் அப்படி. கோர்ட் வாசலில் இறங்கியதும் அவர் தன் வக்கீலிடம் போவார், நான் என் வக்கீலிடம். என் வக்கீலுக்கு இது பிடிக்கவே இல்லை. 'எதிராளியோட ஒண்ணா வந்து எறங்குறீங்க, ஜட்ஜு பார்த்தா இன்னா நினைப்பாரு? அடுத்த தடவை வேற பஸ்ல வாங்க' என்றார். அடுத்த தடவை வேறு பஸ்ஸில் போனேன். காதர் பாயும் அவர் வக்கீல் சொன்னார் என்று அதே வேறு பஸ்ஸில் வந்திருந்தார்.

கேஸ் முழுக்க அந்த ஒரு சாப்பாட்டின் மேல் வந்து நின்றது. அது என் வீட்டில் நடந்தது, ஆகவே என் விருந்து என்றார் என் வக்கீல். சமைத்தது என் கட்சிக்காரர் வீட்டு அடுப்பில், பரிமாறியதும் அவரே, கேஸ் போட்டவர் அப்போது ஊரிலேயே இல்லை என்றார் அவர் வக்கீல். சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முந்தின வாய்தாவில் என் வக்கீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். 'நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப, எங்க வூட்டுக்கு விருந்தாளி வர்றாரு, எனக்காக சமைச்சு வைங்கன்னு அவரு வூட்டம்மாகிட்ட கேட்டுட்டுப் போனேன்னு சொல்லுங்க. அவங்க உங்க சார்புல செஞ்சதா ஆயிடும். அந்தம்மா கோர்ட்டுக்கு வந்து இல்லேன்னு சொல்லப் போறதில்ல.' அது உண்மையில்லை. உன் அம்மா வலியில் துடித்தபோது எனக்கு ஜெர்மன்காரர் ஞாபகமே வரவில்லை. ஆனாலும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். பஸ்ஸில் போகும்போதே மனசுக்குள் பல முறை சொல்லிப் பார்த்தேன். ஷெட்டில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், உனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டியிருந்தது, அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் சரியாகிவிடும்.

கூண்டில் நின்றேன். என் வக்கீல் கேட்டார்: 'அன்றைய விருந்தை ஏற்பாடு செய்தது யார்?' காதர் பாய் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் பொய் சொல்லப் போகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எதிர்த்துப் பேச வீட்டம்மாவைக் கூட்டி வருகிற ஆளும் அவர் இல்லை. வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் எனக்குப் பூட்டியிருக்கும் என்று நினைத்த கதவு திறந்து கிடந்ததுதான் ஞாபகம் வந்தது. 'நான் கேக்கலைங்க. அவங்களாவே செஞ்சாங்க. என் பொண்டாட்டிக்குப் பிரசவம். அவங்க வூட்டம்மா செய்யலைன்னா அன்னிக்கு வந்தவரு பட்டினியா திரும்பிப் போய்ட்டிருப்பாரு' என்றேன். ஜட்ஜ் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். என் வக்கீல் ஃபைலை மூடினார். பெரிய மனசு ஒன்றும் இல்லை மகனே. நாக்கு புரளவில்லை, அவ்வளவுதான். தீர்ப்பு அவர் பக்கம் ஆயிற்று.

திரும்பும்போதும் ஒரே பஸ். பள்ளிகொண்டா தாண்டியதும் காதர் பாய் மெதுவாகக் கேட்டார்: 'கேட்டேன்னு சொல்லிருந்தா ஜெயிச்சிருப்பியே?' நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உண்மை சொன்னவனுக்கு மனசு லேசாகும் என்று ஜெயா படிக்கிற புத்தகங்களில் இருக்கும் போலிருக்கிறது. எனக்கு அப்படி ஆகவில்லை. உண்மை சொல்லித் தோற்ற கோபம் பொய் சொல்லித் தோற்ற கோபத்தைவிட ஜாஸ்தி. அவரோடு பேச்சை நிறுத்தினேன். அவர் தெருவில் வந்தால் நான் வேறு பக்கம் போனேன். காலா வீட்டுக்குப் போகக் கூடாது என்று உன்னையும் தடுத்தேன். நீ அப்போது என் தோள் உயரம் வளர்ந்திருந்தாய். அன்று நீ சாப்பிடவில்லை.

அந்த வருஷமும் ஜெயாவின் பிறந்தநாள் வந்தது. நசீர் சைக்கிள் கேரியரில் தேக்சாவைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். கேஸ் நடந்த வருஷங்களில்கூட அது வராமல் இருந்ததில்லை. 'திருப்பி எடுத்துட்டுப் போ' என்றேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். 'கேஸ் உங்க ரெண்டு பேருக்குத்தான். என் பொண்ணுக்கும் அந்தம்மாவுக்கும் ஒண்ணும் இல்ல. நீ பின்னாடி வாடா நசீரு' என்று அவனைப் பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் ரோஷத்தில் அன்று பழையதைச் சாப்பிட்டேன். நீயும் நசீரும் பின்வாசல் படியில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டீர்கள். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாய். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எலும்புத் துண்டு உனக்குப் பிடிக்கும் என்று அவன் தேடித் தேடி உன் பக்கம் தள்ளினான். அவன் கிளம்பும்போது உன் அம்மா பாத்திரத்தைக் கழுவி அதிரசம் வைத்துக் கொடுத்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அந்தத் தேக்சா காலியாகத் திரும்பியதே இல்லை.

அதற்கப்புறம் ஒரு நாள் காதர் பாய் நேரே ஷெட்டுக்குள் வந்து கவிழ்த்து வைத்த டிரம்மின் மேல் உட்கார்ந்தார். 'தெரியுமா சேதி? நம்ம ஜெர்மன்காரரு ராணிப்பேட்டைக்குப் போய்ட்டாரு. அங்க ரேட்டு கம்மியாம்' என்றார். அவர் யார் வீட்டுப் பார்ட்டி என்று நாங்கள் கோர்ட்டில் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே அந்த மனுஷர் எங்கள் இருவருக்கும் இல்லாமல் போயிருந்தார். நான் கேட்டேன், 'அங்க யாரு வூட்டுல சாப்டாராம்?' காதர் பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். ஷெட்டில் இருந்த ஆட்கள் எங்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள்.

இப்போது என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து விட்டவரும் அவர்தான். தினமும் காலையில் வந்து உருது பேப்பரைத் தமிழில் சொல்லிக் காட்டுகிறார். செய்தியில் பாதி அவருடைய சொந்தச் சரக்கு என்று ஜெயா கண்டுபிடித்திருக்கிறாள். நேற்று அவர் வந்தபோது உன் நோட்டீஸ் மேஜை மேல் திறந்து கிடந்தது. ஜெயா தன் சரித்திரப் புத்தகத்தை அதன் மேல் வைத்தாள். 'இன்னாம்மா மறைக்கிற, பரீட்சை மார்க்கா?' என்று கேட்டார். அவள் தலையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, 'கம்மியா வந்தா இன்னா, அடுத்த தடவை வரும்' என்றார்.

உன் பங்கை விட்டுக்கொடு என்று நான் சொல்லவில்லை. பார்ட்டியைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று பெரியமேட்டில் காலடி தேய நின்ற எனக்குத் தெரியும். எங்களைப் போலச் சிரித்துக்கொண்டே எழுதாதே என்பதுதான் நான் சொல்வது. பார்ட்டி பெயர் மாறி வந்தால் என்ன, அவர் மகன் வந்தால் என்ன, எத்தனை வருஷத்துக்குப் பங்கு, எப்போது நிற்கும், எல்லாவற்றையும் நம் தெருவைப் பார்த்தே இராத ஒருவருக்கும் புரிகிற மாதிரி எழுதுங்கள். மனஸ்தாபம் வந்தால் வக்கீலிடம் போவதற்கு முன் இருவரும் ஒரு தடவை நேரில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். நாங்கள் அதை எழுதவில்லை. டீக்கடையில் பேசினோம். நீ நசீரிடம் இத்தாலிக் கம்பெனியைப் பற்றி நேரில் கேட்டாயா? உன் கடிதத்தில் அது இல்லை. பழைய கம்பெனிதான் பெயர் மாற்றி வந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியுமா என்பதும் இல்லை. தெரிந்தே செய்திருந்தால், அது வேறு. அப்போது நோட்டீஸ் அனுப்பத்தான் வேண்டும். நானும் தடுக்க மாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் தங்கைக்குப் பதினைந்து வயது முடிகிறது. என் கண் கட்டை வெள்ளிக்கிழமை அவிழ்க்கிறார்கள். அவிழ்த்ததும் முதல் வேலையாக உன் நோட்டீஸில் கையெழுத்துப் போட்டு வைக்கிறேன். ஆனால் அதைத் தபாலில் அனுப்ப மாட்டேன். நீ வந்து வாங்கிக்கொள். ஜெயாவுக்கு மூர் மார்க்கெட் பக்கம் ஏதாவது பழைய புத்தகம் கிடைத்தால் வாங்கி வா. தடியாக இருக்க வேண்டும் என்று அவளே இங்கே எழுதிக்கொள்கிறாள். மத்தியானம் நசீர் வருவான். இப்போது அவனிடம் கார் இருக்கிறது, ஆனாலும் அந்தத் தேக்சாவை மட்டும் பழைய சைக்கிளில்தான் கொண்டுவருகிறான். காலா தம் போட்டு இறக்கிய பிரியாணியை மூடியோடு கட்டி அனுப்புவார்கள். கூடத்தில் விரிப்பு போட்டு வைக்கச் சொல்கிறேன். நீங்கள் இருவரும் சேர்ந்து சாப்பிடுங்கள். கேட்க வேண்டியதைக் கேள். அவன் சொல்வதையும் கேட்டுக்கொள். உன் அம்மா அதிரசத்துக்கு மாவு இடித்து வைத்துவிட்டாள். கையெழுத்துப் போட்ட நோட்டீஸும் அதன் பக்கத்திலேயே இருக்கும். அவன் கிளம்பும்போது தேக்சாவில் எதை வைத்து அனுப்புவது என்பதை இந்த முறை நீ பார்த்துக்கொள், மகனே.